விற்கலாம், விளம்பரப்படுத்தக் கூடாது



1951 அக்டோபரில் பெர்லினில் ஒரு தொழிற்கண்காட்சி நடந்தது. பிரிட்டனைச் சேர்ந்த ஃபெர்ராண்டி நிறுவனம் நிம்ராட் என்ற கணினியை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. அந்த எந்திரத்துக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஆட்டம்தான்: 'நிம்'. சில குவியல்கள் இருக்கும். இருவரும் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டே போக வேண்டும். மேற்கு ஜெர்மனியின் பொருளாதார அமைச்சர் லூத்விக் எர்ஹார்ட் அதனுடன் ஆடிப் பார்த்தார், தோற்றுப்போனார். கூடத்தின் மறுகோடியில் காசில்லாமல் மது ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தும் அந்தப் பக்கம் ஆள் போகவில்லை, கூட்டம் மொத்தமும் நிம்ராடைச் சுற்றியே நின்றது என்பது அந்தக் கண்காட்சியைப் பற்றி இன்றும் சொல்லப்படும் செய்தி.

ஃபெர்ராண்டி விளையாட்டு விற்க வந்த நிறுவனம் அல்ல. கணக்குப் போடும் எந்திரங்களை விற்க வந்தது. வருகிறவர்களை நிறுத்திவைக்க அதற்கு ஒரு வழி வேண்டியிருந்தது, அதற்காகவே நிம்ராட். ஜெர்மானியர்கள் கூட்டமாக நின்று ஆடிய முதல் கணினி விளையாட்டே ஒரு விளம்பரம்தான்.

பழைய ஜெர்மன் வீடியோ கேம் விளம்பரங்களை இன்று எடுத்துப் பார்க்கிறவர்கள் திகைத்துப்போகிறார்கள். போர் விளையாட்டின் பெட்டி, ஆனால் அதில் மனிதர்களே இல்லை, எல்லாரும் ரோபோக்கள். நாட்டின் மிகப் பெரிய கால்பந்து அணியின் நெஞ்சில் ஒரு கணினி நிறுவனத்தின் பெயர். சுற்றுச்சூழல் துறை வெளியிட்ட விளையாட்டு ஒன்று, தொலைபேசி நிறுவனம் வெளியிட்டது இன்னொன்று, நொறுக்குத்தீனிக்கு வேறொன்று. இதையெல்லாம் வரிசையாகப் பார்த்துவிட்டு, 'ஜெர்மானியர் சுபாவமே இப்படித்தான்' என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு தவறு. இந்த விநோதங்களைக் கிளறிப் பார்த்தால் அடியில் ஒரு சட்டமோ, ஓர் ஒளிபரப்பு விதியோ, ஓர் அலுவலகத்தின் உத்தரவோ கிடைக்கிறது. எதைச் சொல்லக் கூடாது என்று அந்த நாடு விதித்ததோ, அதுவே அந்த விளம்பரங்களுக்கு உருவம் கொடுத்தது. இந்தச் சொற்பொழிவு சொல்ல வருவது இதைத்தான்.

முதலில் விற்றவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். வீட்டுத் தொலைக்காட்சியில் விளையாடலாம் என்று உலகுக்குக் காட்டிய ரால்ஃப் பேர் 1922இல் ஜெர்மனியில் பிறந்தவர். யூதக் குடும்பம். நாஜிகளிடமிருந்து தப்பி 1938இல் அமெரிக்கா போனார்கள். அவருடைய யோசனையில் பிறந்த மேக்னவாக்ஸ் ஒடிசி 1972இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அது கொஞ்ச காலத்திலேயே ஐ.டி.டி. ஷாப் லோரன்ஸ் என்ற வானொலி, தொலைக்காட்சி நிறுவனத்தின் வழியாக, அவர் பிறந்த நாட்டின் கடைகளுக்கே வந்து சேர்ந்தது. 1978இல் வி.சி. 4000 என்ற கன்சோலைக் கொண்டுவந்த இன்டர்டான் நிறுவனத்தின் தொழிலோ காது கேட்கும் கருவி செய்வது. தபாலில் பொருள் அனுப்பும் குவெல்லே நிறுவனம் தன் சொந்த முத்திரையில் பந்தாட்டப் பெட்டிகளை விற்றது. பொம்மைக் கடைக்காரர்கள் இந்தத் தொழிலின் முகப்பில் இல்லை. மின்சாதனம் விற்றுப் பழகியவர்களே வீடியோ கேமையும் விற்றார்கள்.

பெர்லின் சுவருக்கு அப்பால் கிழக்கு ஜெர்மனியில் விளம்பரம் என்பதே இல்லை என்னும் நிலை. அங்கே தொலைக்காட்சியில் 'டௌசண்ட் டெலே டிப்ஸ்' என்றொரு விளம்பர நிகழ்ச்சி இருந்தது. 1976இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். பொருளுக்கே தட்டுப்பாடு இருக்கும்போது வாங்கச் சொல்லி என்ன பயன்? ஆனாலும் ஓடர் நதிக்கரையிலுள்ள ஃபிராங்ஃபர்ட்டின் குறைகடத்தித் தொழிற்சாலை 1980ஐ ஒட்டி பி.எஸ்.எஸ். 01 என்ற விளையாட்டுப் பெட்டியைத் தயாரித்தது. 1980களின் நடுவில் கார்ல் மார்க்ஸ் ஷ்டாட் நகரில் போலி ப்ளே என்ற காசு போட்டு ஆடும் எந்திரமும் செய்யப்பட்டது. அதில் இருந்த 'முயலும் ஓநாயும்' என்ற ஆட்டம் சோவியத் கார்ட்டூன் ஒன்றைத் தழுவியது. தொழிற்சங்கத்தின் விடுமுறை இல்லங்களில் பிள்ளைகள் வரிசையில் நின்று ஆடினார்கள். அவர்களைக் கூப்பிட யாரும் விளம்பரம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

மேற்கில் விளம்பரம் இருந்தது, இடம்தான் இல்லை. ஏ.ஆர்.டி., இசட்.டி.எஃப். ஆகிய இரு பொதுத் தொலைக்காட்சிகளிலும் ஒரு நாளைக்கு 20 நிமிடம்தான் விளம்பரம்; அதுவும் இரவு 8 மணிக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும்; ஞாயிறும் அரசு விடுமுறையும் அறவே கிடையாது. 1984 ஜனவரியில் தனியார் தொலைக்காட்சி தொடங்கும்வரை வேறு வழியே இல்லை. சோப்புக்கும் காபிக்குமே அந்த 20 நிமிடம் போதாது. அதனால் வீடியோ கேம் விளம்பரம் அச்சுக்குப் போனது. 1982இல் டெலே மாட்ச், 1983இல் ஹேப்பி கம்ப்யூட்டர், 1986இல் ஏ.எஸ்.எம்., ஹேப்பி கம்ப்யூட்டரின் இணைப்பாகப் பிறந்து பிறகு தனித்து நின்ற பவர் ப்ளே என்று இதழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

தொலைக்காட்சி விளம்பரத்துக்கு இடம் தரவில்லை. விளையாட்டுக்கு மட்டும் தந்தது. தாமஸ் காட்ஷால்க் என்ற இளம் அறிவிப்பாளர் 1977 முதல் 1981 வரை 'டெலே ஷ்பீலே' என்ற நிகழ்ச்சியை நடத்தினார். திரையில் பந்தாட்டம் ஓடும். போட்டியாளர்கள் அதை வாயால் எழுப்பும் சத்தத்தால் நகர்த்துவார்கள். பல குடும்பங்கள் வீட்டில் கன்சோல் வாங்குவதற்கு முன்பே வீடியோ கேமை ஒரு குடும்ப நிகழ்ச்சியாகப் பார்த்துவிட்டன.

அந்த 20 நிமிட வேலியைத் தாண்ட மிகச் சிறந்த வழியைக் கண்டுபிடித்தது கமடோர் என்ற கணினி நிறுவனம். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் அதற்குத் தொழிற்சாலை இருந்தது. அதன் கமடோர் 64 கணினி ஐரோப்பாவிலேயே மிக நன்றாக ஓடிய நாடுகளில் ஜெர்மனி முன்னணியில் நின்றது. 1984இல் அந்த நிறுவனம் பேயர்ன் மூனிக் கால்பந்து அணியின் சட்டைக்குப் புரவலரானது. 1989 வரை ஐந்து பருவங்கள். அவற்றில் நான்கில் பேயர்ன் சாம்பியன். சனிக்கிழமை மாலை ஏ.ஆர்.டி.யின் ஷ்போர்ட்ஷாவ் நிகழ்ச்சியில் ஆட்டத் தொகுப்பைப் பார்க்க ஊரே உட்கார்ந்திருக்கும். கோல் அடித்தவர் ஓடிவரும்போதெல்லாம் நெஞ்சில் கமடோர் என்ற எழுத்து. அதை எந்த விதியும் விளம்பர நேரமாகக் கணக்கிடவில்லை.

அடுத்து, போட்டியாளரைப் பற்றிப் பேசும் உரிமை. 1990இல் அமெரிக்காவில் சேகா நிறுவனம் நிண்டெண்டோவைப் பெயர் சொல்லி வம்புக்கிழுத்து விளம்பரம் செய்தது. அந்த மோதல்தான் அங்கே வீடியோ கேம் விளம்பரத்தின் உயிர்நாடி. ஜெர்மனியில் அன்று அது நடக்காது. நேர்மையற்ற போட்டியைத் தடுக்கும் சட்டத்தின்கீழ், போட்டியாளரின் சரக்கோடு தன் சரக்கை ஒப்பிட்டுப் பேசும் விளம்பரத்தையே நீதிமன்றங்கள் அடிப்படையில் தவறாகக் கருதின. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் கொண்டுவந்த விதிக்குப் பிறகு, 1998இல்தான் உச்ச நீதிமன்றம் தன் நிலையை மாற்றிக்கொண்டது. 2000இல் சட்டமும் மாறியது. 'அவனுடையதைவிட என்னுடையது மேல்' என்று சொல்ல முடியாத விளம்பரம் எதைச் சொல்லும்? சுற்றி வளைத்துப் பேசும், இல்லையென்றால் தன்னை மட்டுமே புகழும். இரண்டும் வெளியாளுக்கு விசித்திரமாகத் தெரியும்.

ஒரு நிறுவனம் எல்லையைத் தொட்டுப் பார்த்தது. ரெயின்போ ஆர்ட்ஸ் 1987இல் வெளியிட்ட 'தி கிரேட் ஜியானா சிஸ்டர்ஸ்' விளையாட்டை உருவாக்கியவர் ஆர்மின் கெஸ்ஸர்ட். படங்கள் மான்ஃப்ரெட் டிரென்ஸ். இசை கிறிஸ் ஹுல்ஸ்பெக். நிண்டெண்டோவின் சூப்பர் மரியோ பிரதர்ஸை ஆடியவர்களுக்கு இதன் முதல் கட்டம் அப்படியே பழகிய தெரு. செங்கல், குழி, எதிரி எல்லாம் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கும். மீசைக்காரச் சகோதரர்களுக்குப் பதிலாக ஜியானா என்ற சிறுமியும் அவள் சகோதரி மரியாவும். பெட்டியின் அட்டையில், 'சகோதரர்கள் காலம் முடிந்துவிட்டது' என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி. நிண்டெண்டோ என்றோ மரியோ என்றோ ஓர் எழுத்துகூட இல்லை. ஆனால் யாரைச் சொல்கிறது என்று புரியாதவர் இல்லை. நிண்டெண்டோ நெருக்கியது. வழக்கு நீதிமன்றம் ஏறவில்லை, ஆனால் விளையாட்டு கடைகளிலிருந்து காணாமல் போனது. அதனாலேயே அந்தப் பெட்டி சேகரிப்பாளர்கள் தேடும் பொருளானது.

அட்டை ஓவியங்களைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. துருக்கியில் பிறந்து ஜெர்மனியில் வாழ்ந்த ஜெலால் கண்டெமிரோக்ளு வரைந்த 'டர்ரிகன்' விளையாட்டின் அட்டையில் ஒரு பிரம்மாண்ட உருவம் வெற்றிக் களிப்பில் நிற்கிறது. 1988இல் வந்த மேனோவார் என்ற ஹெவி மெட்டல் குழுவின் இசைத்தட்டு உறையை அது அப்படியே நினைவூட்டும். அந்த ஓவியமே இதழ் விளம்பரங்களிலும் பக்கம் நிறைய வந்தது. கமடோர் திரையின் புள்ளிப் படத்தை அச்சிட்டால் யார் மயங்குவார்கள்? தூரிகைதான் விற்றது.

இனி மிக முக்கியமான காரணத்துக்கு வருவோம்.

1954 முதல் மேற்கு ஜெர்மனியில் சிறாருக்குக் கேடான வெளியீடுகளை ஆராயும் கூட்டாட்சி அலுவலகம் ஒன்று இயங்கியது. ஒரு புத்தகமோ, இசைத்தட்டோ, விளையாட்டோ சிறாருக்கு ஆகாது என்று முடிவு செய்தால் அதைப் பட்டியலில் சேர்த்துவிடும். பட்டியலில் சேர்ந்த பொருள் முழுத் தடைக்கு உள்ளாவதில்லை. 18 வயது ஆனவர் கேட்டு வாங்கலாம். ஆனால் அன்றைய விதிப்படி கடையில் கண்ணில் படும்படி வைக்கக் கூடாது, தபாலில் அனுப்பக் கூடாது, பொது இடத்தில் விளம்பரப்படுத்தக் கூடாது. இன்னொரு நுட்பமான விதியும் உண்டு: ஒரு பொருள்மீது இப்படி விசாரணை நடக்கிறது என்பதையே விளம்பரத்தில் சொல்லக் கூடாது. 'அரசே அஞ்சிய விளையாட்டு' என்று போட்டுக் காசு பார்க்கும் குறுக்குவழியும் அடைபட்டது.

1984 டிசம்பரில் இந்தப் பட்டியலில் ஏறிய முதல் வீடியோ கேம்களில் ஒன்று 'ரிவர் ரெய்ட்'. ஆக்டிவிஷன் நிறுவனத்துக்காக கரோல் ஷா என்ற பெண் நிரலாளர் 1982இல் எழுதியது. விளையாட்டுத் துறையில் பெண்கள் அரிதாக இருந்த நாட்களில் அவர் செய்த அருமையான வேலை அது. மேலிருந்து பார்த்தால் நீல ஆறு, இரு பக்கமும் பச்சைக் கரை. நடுவில் ஒரு சிறிய விமானம். எதிரே வரும் கப்பலையும் ஹெலிகாப்டரையும் பாலத்தையும் சுட வேண்டும். எரிபொருள் தீர்வதற்குள் நிரப்பிக்கொள்ள வேண்டும். திரையில் ஒரு மனித உருவம்கூட இல்லை. ஆனாலும் அலுவலகம் இதைப் போருக்கு ஆயத்தம் செய்யும் பயிற்சியாகக் கண்டது. 2002இல்தான் பட்டியலிலிருந்து விடுவித்தது.

இதைக் கேட்டதும் கோபம் வரலாம். அந்த அதிகாரிகள் எந்த நாட்டில் இருந்து பேசினார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சீருடை மாட்டிப் போருக்குத் தயார் செய்த ஓர் ஆட்சி வீழ்ந்து 40 ஆண்டுகூட ஆகவில்லை. நாடு இரண்டாகப் பிளந்து, இரு பக்கமும் அணு ஏவுகணைகள் நின்றன. அவர்களுடைய கவலை உண்மையானது. அதை ஒரு சிறுவனின் ஜாய்ஸ்டிக்மேல் ஏற்றியதுதான் பிழை.

1985இல் இன்னொரு சட்டம் வந்தது. பொது இடங்களில் சிறார் நடமாடும் பகுதியில் வீடியோ கேம் எந்திரங்களை வைக்கக் கூடாது என்றது அது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒரு தலைமுறையே ஆர்கேட் கூடங்களில் வளர்ந்தபோது, ஜெர்மன் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு மூடியிருந்தது. எந்திரங்கள் சூதாட்டப் பெட்டிகளோடு பெரியவர்களின் கூடத்துக்குள் போய்விட்டன. 'ஆர்கேடில் ஆடியதை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்' என்று விளம்பரம் செய்தால் அங்கே யாருக்கும் பிடிபடாது.

பட்டியலுக்குப் பயந்து நிறுவனங்கள் விளையாட்டையே மாற்றத் தொடங்கின. கோனாமியின் 'கான்ட்ரா'வில் இரண்டு தசைமுறுக்கான வீரர்கள் துப்பாக்கியோடு ஓடுவார்கள். 1990 வாக்கில் நிண்டெண்டோ கன்சோலுக்காக அது ஐரோப்பாவுக்கு வந்தபோது பெயர் 'ப்ரோபோடெக்டர்'. வீரர்கள் ரோபோக்கள் ஆகிவிட்டார்கள், எதிரிகளிலும் மனிதச் சாயல் கொண்டவர்கள் ரோபோக்கள் ஆனார்கள், பெட்டியின் அட்டையிலும் ரோபோக்களே. 1995இல் வந்த 'கமாண்ட் அண்ட் காங்கர்' ஜெர்மன் பதிப்பில் படைவீரர்கள் எந்திர மனிதர்கள்; காயத்தில் கசிவது கறுப்பு எண்ணெய். 1998இல் 'ஹாஃப் லைஃப்' விளையாட்டிலும் ராணுவத்தினர் ரோபோக்கள் ஆனார்கள். எந்திரம் எந்திரத்தைச் சுட்டால் வன்முறை இல்லை என்று நிறுவனங்கள் கணக்குப் போட்டன. ஜெர்மன் இதழ்களில் அந்த விளம்பரங்களைப் புரட்டும்போது நாம் காண்பது வழக்கறிஞர்கள் சரிபார்த்த கற்பனையை.

இங்கேதான் கதை திரும்புகிறது. விளையாட்டை விளம்பரம் செய்ய இத்தனை தடை இருந்த நாட்டில், விளையாட்டாகவே வந்த விளம்பரங்கள் பெருகின. 1990களின் தொடக்கத்தில் போஹும் நகரில் இயங்கிய ஆர்ட் டிபார்ட்மெண்ட் என்ற நிறுவனம் இதில் கைதேர்ந்தது. கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் அலுவலகத்துக்காக 1991இல் 'டாஸ் எர்பே', அதாவது மரபுச்சொத்து. தொலைபேசி நிறுவனமான டெலிகாமுக்காக 'டாஸ் டெலே கமாண்டோ'. உள்துறை அமைச்சகத்துக்காக 1994இல் 'டுங்க்லே ஷாட்டென்'; வெளிநாட்டவர் வெறுப்புக்கு எதிரான சாகசக் கதை. அதற்கு முந்தைய ஆண்டு மே 29 அன்று ஸோலிங்கன் நகரில் ஒரு துருக்கியக் குடும்பத்தின் வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டு, பெண்களும் சிறுமிகளுமாக ஐந்து பேர் இறந்திருந்தார்கள். அரசு அந்த நேரத்தில் இளைஞர்களிடம் பேசத் தேர்ந்தெடுத்த ஊடகங்களில் ஒன்று கணினி விளையாட்டு. பத்தாண்டுக்கு முன் எதைச் சிறாருக்குக் கேடென்று பார்த்தார்களோ, அதையே இப்போது சிறாரைத் திருத்தும் கருவியாகக் கையில் எடுத்தார்கள்.

தனியார் நிறுவனங்களும் வந்தன. பி ஃபி என்ற சிறு இறைச்சித் தின்பண்டத்துக்கு 1994இல் ஹாலிவுட் பின்னணியில் ஒரு விளையாட்டு. அதே ஆண்டு கெலாக்ஸுக்காக 'டோனி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் இன் கெலாக்ஸ் லேண்ட்'. இதைச் செய்தது ஃபேக்டர் 5. பின்னர் அமெரிக்கா போய் ஸ்டார் வார்ஸ் விளையாட்டுகளில் பேர் வாங்கிய அதே குழு. இத்தகைய வட்டுகளை நகலெடுத்தால் குற்றமில்லை. நகலெடுக்க எடுக்க நிறுவனத்துக்கு லாபம். கைச்செலவுக் காசில் விளையாட்டு வாங்க முடியாத பிள்ளைகளுக்கு இவை உண்மையான விருந்தாக இருந்தன. கூலிக்குச் செய்த வேலை என்று ஒதுக்கிவிட முடியாத கைத்திறன் இவற்றில் பலவற்றில் உண்டு.

இந்த வரிசையின் உச்சம் மோர்ஹூன் என்ற விளையாட்டு. ஜானி வாக்கர் விஸ்கிக்கு விளம்பரம் தேவைப்பட்டது. ஸ்காட்லாந்து மேட்டுநிலப் பின்னணி, பறந்து வரும் காட்டுக்கோழிகள், கையில் துப்பாக்கி, நேரம் 90 விநாடி. தொலைவில் சிறிதாகத் தெரியும் கோழிக்கு மதிப்பெண் அதிகம்; பக்கத்தில் பெரிதாகப் பறப்பதற்குக் குறைவு. வேட்டைக்காரர் உடை போட்ட ஆட்கள் மடிக்கணினியோடு மதுக்கூடம் மதுக்கூடமாகப் போய் வாடிக்கையாளர்களை ஆடவைத்தார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டியது. யாரோ நகலெடுத்தார்கள், மின்னஞ்சலில் பரவியது, 1999 முடிவதற்குள் ஜெர்மன் அலுவலகக் கணினிகளில் எங்கும் கோழி பறந்தது. வேலை நேரம் வீணாகிறது என்று முதலாளிகள் புலம்பினார்கள். 2000இல் நகைச்சுவைக் கலைஞர் விகால்ட் போனிங் மோர்ஹூன் பாட்டே பாடினார். இதைக் கொண்டுவந்த போஹும் நிறுவனம் ஃபெனோமீடியா என்ற பெயரில் 1999இல் பங்குச்சந்தை ஏறியது. 2002இல் கணக்கு மோசடி வெளிப்பட்டுத் திவாலானது. அதன் முன்னாள் நிர்வாகிகள் 2009இல் தண்டிக்கப்பட்டார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மனிதரே இல்லாத ரிவர் ரெய்ட், போர்ப் பயிற்சி என்று 18 ஆண்டு பட்டியலில் கிடந்தது. மதுவை விற்க வந்த துப்பாக்கி விளையாட்டு, பிள்ளைகளும் பாட்டிகளும் ஆடும் தேசியப் பொழுதுபோக்கானது. சட்டத்தை எழுதியவர்கள் விளையாட்டின் உள்ளே இருக்கும் ஆபத்தையே தேடினார்கள். விளையாட்டு எதை விற்க வந்திருக்கிறது என்ற கேள்வி அந்தச் சட்டத்தில் இல்லை. இந்த வரலாற்றில் உண்மையிலேயே விசித்திரமான இடம் இதுதான்.

நிலைமை மாறிவிட்டது. 1994இல் தொடங்கிய யு.எஸ்.கே. என்ற அமைப்பின் வயது முத்திரை, 2002இல் எர்ஃபுர்ட் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டையடுத்து இறுக்கப்பட்ட சட்டத்தால், 2003 முதல் கட்டாயமானது. 1994இல் பட்டியலில் ஏறிய 'டூம்' விளையாட்டு 2011இல் விடுவிக்கப்பட்டது. நாஜிச் சின்னம் வரும் விளையாட்டுகளையும் திரைப்படங்களைப் போல ஒவ்வொன்றாக எடைபோடும் முறை 2018இல் வந்தது. கிழக்கின் போலி ப்ளே எந்திரத்தை இன்று பெர்லினில் கார்ல் மார்க்ஸ் அல்லேயில் உள்ள கணினி விளையாட்டு அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

பழைய இதழ்களை மின்வடிவில் சேமிக்கும் வேலை உலகெங்கும் நடக்கிறது. அந்தப் பணியில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கட்டுரைகளை மட்டும் எடுத்துக்கொண்டு விளம்பரப் பக்கங்களை விட்டுவிடாதீர்கள். அந்த ஆண்டில் அந்த நாட்டில் எதை வெளிப்படையாகச் சொல்ல முடிந்தது, எதைச் சொல்ல முடியவில்லை என்பதற்குக் கட்டுரைகளைவிட அந்தப் பக்கங்களே உறுதியான சான்று.